குங்குமம் அக்கா பக்கம், திருநீறு அத்தான் பக்கம்

வயர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இழுத்தால் கழன்று வரும். எங்கிருந்து வந்தது, திரும்ப எங்கே போகவேண்டும் என்பதெல்லாம் வேறு ஆட்களின் பாடு. இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் நயினாதீவில் அக்கா வீட்டுப் பாட்டுச் செற்றின் பின்பக்கத்துக்குப் போனேன். போனவன் கழற்றியதோடு நின்றிருக்கலாம். துடைத்தும் விட்டேன். சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து, பிழிந்து, ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் விரல்விட்டுத் துடைத்தேன். என் ஆயுளில் ஒரு வேலையை மிச்சம் வைக்காமல் செய்து முடித்தது அன்றைக்குத்தான்.

"உங்களுக்கு மூளை இல்லையெண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன்" என்று என் மனைவி சொல்வாள். "பாவிக்காமல் புதுசாய் இருக்குது, அவ்வளவுதான்." அவளை அன்று கூட்டிக்கொண்டு போயிருந்தால் துணியைப் பறித்திருப்பாள். நான் தனியாகப் போனேன். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, குறிகட்டுவானில் இறங்கி, வள்ளத்தில் யாத்திரைக்காரரோடு நெருக்கியடித்து நின்று, பெரிய உதவி ஒன்று செய்யப் போகிறவனின் முகத்தோடு போனேன்.

அத்தானின் ஆட்டைத் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் போய் ஒரு வருடம். அதற்கு முன் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும், சாமான்களை இழுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று அக்கா போன் எடுத்திருந்தாள். சாமான் இழுப்பதற்கு மூளை தேவையில்லை என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் அதற்கும் கொஞ்சம் தேவைப்பட்டிருக்கிறது.

அந்தச் செற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான் தீவின் கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்த்தவர். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு கொழும்புக்குப் போய், பழையதாக ஓர் அம்பிளிபயர், ஒரு கசற் டெக், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கி, பிள்ளையைப்போல மடியில் வைத்துக் கொண்டுவந்தார். ஊரெல்லாம் கசற்றை எறிந்துவிட்டு போனில் பாட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகும் அவர் டெக்கை விடவில்லை. கூடத்தில் ஒரு பலகைத் தட்டில் அம்பிளிபயர், அதன்மேல் டெக். பெட்டிகளில் ஒன்று யன்னலடியில், அவருடைய சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில். மற்றது குசினி வாசலடியில். "பெட்டி ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சால் அழகாயிருக்குமே அத்தான்" என்று ஒருமுறை ஆலோசனை சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மச்சான், நீர் இதைத் தொடாமல் இருந்தாலே எனக்குப் பெரிய உதவி" என்றார்.

பெட்டிகள் அப்படித் தள்ளி இருந்ததற்குக் காரணம் இருந்தது. அத்தான் பிள்ளையார் கோயிலில் புராணம் படிக்கிறவர். அங்கே ஒருவர் பாட்டை இழுத்துப் படிப்பார், இன்னொருவர் அதற்குப் பயன் சொல்வார், அதாவது பொருளை விரித்துச் சொல்வார். கோயிலுக்குப் போகுமுன் வீட்டில் படித்துப் பழகுவார். வீட்டில் பயன் சொல்ல யார் இருக்கிறார்கள்? அக்கா சொல்வாள், குசினிக்குள் இருந்தபடியே. தேங்காய் துருவிக்கொண்டு, சோற்றைக் கிளறிக்கொண்டு, ஒரு சொல் தட்டாமல் சொல்வாள். கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் மனப்பாடம். கோயிலில் பயன் சொல்லப் பெண்களைக் கூப்பிடுவதில்லை. குசினியில் அவளைத் தடுக்க ஆளில்லை.

அதை அத்தான் ஒருநாள் கசற்றில் பிடித்தார். கதிரைக்கு முன்னால் ஒரு மைக், குசினி வாசலில் ஒரு மைக். பிறகு போட்டுக் கேட்டால், கதிரைப் பக்கப் பெட்டியில் அவர் படிப்பார். குசினிப் பக்கப் பெட்டியில் அக்கா பயன் சொல்வாள், சட்டி பானைச் சத்தமும் சேர்ந்து. கண்ணை மூடிக்கொண்டால் இரண்டு பேரும் அவரவர் இடத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். அதைப் பதிந்த அன்று நானும் அங்கே இருந்தேன். குசினி மைக்கைப் பிடிக்கிற பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. முதல் பாட்டிலேயே இருமிவிட்டேன். "நீர் வெளியிலை நில்லும்" என்றார் அத்தான். வெளியே நின்றேன். என் பங்களிப்பில்லாமல் பதிவு நன்றாக வந்தது.

போன வருடம் ஒரு பின்னேரம் அவர் அந்தக் கசற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று அக்காவிடம் சொல்லிவிட்டு எழும்பி, பாட்டின் நடுவில் டெக்கை நிறுத்தியிருக்கிறார். "மிச்சத்தை வந்து கேப்பம்" என்றாராம். அவரை யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக நான் குறிகட்டுவானில் வாகனம் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் தாங்க, வள்ளத்திலிருந்து இறங்கினார். என்னைக் கண்டதும், "நீர் ஏன் மச்சான் இந்த வெய்யிலுக்குள்ளை?" என்று கேட்டார். மறுநாள் அதே துறையில் அவரை வள்ளத்தில் ஏற்றினோம். அன்றும் அதே வெயில்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பொங்கல் பானை ஏறவில்லை. தீபாவளி வந்து போனது வாசலுக்கு வெளியிலேயே. அம்மன் கோயிலில் கொடி ஏறி, தேர் ஓடி, தீவே சனத்தில் மூழ்கி எழும்பியபோதும் அக்கா படலை தாண்டவில்லை. செற்றுக்கும் அதே விரதம். ஆட்டைத் திவசம் கழியும்வரை துக்க வீட்டில் பாட்டுக் கேட்பதில்லை. செய்தி கேட்கலாம். செய்தியிலும் சாவுதானே வருகிறது என்று நான் ஒருநாள் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. கோயில் ஒலிபெருக்கி மட்டும் யாரையும் கேளாமல் மதில் ஏறி வந்தது. அதற்கு அவள் என்ன செய்ய ஏலும்?

கசற் டெக்குக்குள்ளேயே இருந்தது, அவர் நிறுத்திய இடத்தில். திவசம் முடிந்த அன்று பின்னேரம் அந்த இடத்திலிருந்து போட்டு மிச்சத்தைக் கேட்கப்போகிறேன் என்று அக்கா என்னிடம் ஒரே ஒருமுறை சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள். அவள் அப்படித்தான். பெரிய விசயத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டு, கீரைக்கு அரைமணி நேரம் கொடுப்பாள்.

கதிரையையும் யாரும் தொடுவதில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தபோது களைப்பில் அதில் குந்தப் போனேன். "எழும்பு" என்றாள். இன்னும் நான் குந்தவே இல்லை. பாதி வழியில் இருந்தேன். பாதி வழியிலிருந்தே எழும்பினேன். வெள்ளை அடிக்க வந்தவருக்கும் அதே உத்தரவு. "கதிரையை அசைக்காதையுங்கோ அண்ணை, சுத்தி அடியுங்கோ." அவர் சுற்றியே அடித்தார். கூடம் முழுக்கப் புதுச் சுவர், கதிரைக்குப் பின்னால் மட்டும் கதிரை அளவுக்குப் பழைய சுவர்.

செற்றை நகர்த்தலாம் என்று அனுமதி கிடைத்தது. "வயரைக் கவனமாய்க் கழட்டு" என்றாள். கழற்றினேன். ஸ்பீக்கருக்குப் போகிற வயர்கள் திருகாணியோடு துருப்பிடித்து இறுகியிருந்தன, என் பலத்துக்கு அசையவில்லை. அதனால் அவை தப்பிப் பிழைத்தன. டெக்குக்கும் அம்பிளிபயருக்கும் நடுவே ஓடிய நாலு வயரும் என் கையில் அகப்பட்டன. நாலும் கறுப்பு. கடையில் வாங்கும்போது இருந்த நிறமான வயர்களை உப்புக் காற்று எப்போதோ தின்றுவிட்டது. அத்தான் ஒரு கறுப்பு வயர்ச் சுருளை வெட்டி, முனைகளை ஈயம் வைத்து ஒட்டித் தானே செய்திருந்தார். நயினாதீவில் இரும்பு நெடுநாள் இரும்பாக இருப்பதில்லை. டெக்கினதும் அம்பிளிபயரினதும் பின்பக்கத்தில் அச்சடித்திருந்த எழுத்துகளும் துருவோடு உதிர்ந்துபோயிருந்தன.

ஆனால் ஒவ்வொரு துளைக்குப் பக்கத்திலும் பொட்டு இருந்தது, சிலதில் ஒன்று, சிலதில் இரண்டு. சிலது சிவப்பு, சிலது வெள்ளை. வயர் முனைகளிலும் அப்படியே.

நான் ஒரு சைவப் பிள்ளை. சரஸ்வதி பூசை முடிந்த கையோடு சைக்கிளுக்கும் மண்வெட்டிக்கும் தையல் மெசினுக்கும் பொட்டு வைத்த கைகளோடு வளர்ந்தவன். எங்கள் வீட்டில் குளிர்பெட்டிக்கும் பொட்டு உண்டு. ஆகவே இதைக் கண்டதும் ஒரு கணமும் யோசிக்கவில்லை: பழைய ஆயுத பூசைப் பொட்டு. இந்த வருடம் பூசை இல்லை, எனவே போன வருடத்தது. துக்க வீட்டில், திவசத்துக்கு ஐயர் வரப்போகிற நேரத்தில், போன வருடத்து மங்கலப் பொட்டு எதற்கு? பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அக்காவின் மனம் நோகாமல் நானே துடைத்துவிடுகிறேன். இப்படி, அன்பாலும் ஆசாரத்தாலும் பொது அறிவாலும் உந்தப்பட்டு, வாளியில் தண்ணீர் எடுத்தேன்.

துடைத்து முடித்து, துணியைப் பிழியக் கொண்டுபோகும்போது அக்கா குசினியிலிருந்து வந்தாள்.

"உதென்னடா கையிலை?"

"துணி."

"துணியெண்டு தெரியுது. உதிலை சிவப்பென்ன?"

"பழைய பூசைப் பொட்டக்கா. திவச வீட்டிலை என்னத்துக்கெண்டு துடைச்சுப்போட்டன். வந்து பாருங்கோ, பளிச்செண்டு இருக்கு."

அவள் வந்து பார்த்தாள். பளிச்சென்றுதான் இருந்தது.

"பூசைப் பொட்டெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"பின்னை?"

"அது அவர் வைச்ச அடையாளமடா."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். என் முகத்துக்கு வேறு பழக்கம் இல்லை.

அக்கா பலகைத் தட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "எல்லாம் கறுப்பு வயர், எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு கேட்டனான். பெயின்ற் வாங்க யாழ்ப்பாணமோ போறது எண்டுட்டு, என்ரை சிமிழை எடுத்தவர். குங்குமத்தை நல்லெண்ணெயிலை குழைச்சு, என்ரை பக்கத்துக்கு குங்குமம். திருநீறைத் தண்ணியிலை குழைச்சு, தன்ரை பக்கத்துக்குத் திருநீறு. ஒரு பொட்டெண்டால் டெக்கிலையிருந்து வாறது, ரெண்டு பொட்டெண்டால் டெக்குக்குப் போறது. 'உம்மடை நெத்திக்கு வைச்ச மிச்சம்' எண்டு எனக்குப் பகிடி வேறை."

அதைச் சொன்னபோது அவளுடைய நெற்றியைப் பார்த்தேன். ஒரு வருடமாக அதில் திருநீறு மட்டும்தான். குங்குமச் சிமிழ் சுவாமித் தட்டின் மூலையில் மூடியபடி இருந்தது, யாரும் திறப்பதில்லை. அந்த வீட்டில் அவர் கையால் வைத்த குங்குமம் மிஞ்சியிருந்தது அந்தச் செற்றின் முதுகில்தான். அதற்கு நான் சவர்க்காரம் போட்டிருக்கிறேன்.

எனக்கு எந்த இழவு வீட்டிலும் ஒரு பகிடி வாயில் வந்துவிடும். அதனால் பலமுறை அடி வாங்கப் பார்த்தவன். அன்று ஒன்றும் வரவில்லை. துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவள் கையை நீட்டினாள், கொடுத்தேன். அவள் அதைப் பிழியவில்லை. அப்படியே மடித்து யன்னல் கட்டின்மேல் காய வைத்தாள்.

"திரும்பக் கொழுவுவியோ?"

"ஓம்."

"சத்தம் வருமோ?"

"கொழுவிப்போட்டு ஒருக்காப் போட்டுப் பாப்பம். பிழையெண்டால் மாத்தலாம்."

"போடப்படாது. திவசம் முடியாமல் இந்த வீட்டிலை அது ஏலாது."

"பாட்டுப் போட இல்லையக்கா. வேறை ஏதாவது கசற்றிலை, சும்மா 'டொக்' எண்டு ஒரு சத்தம்."

"'டொக்'கும் வேண்டாம். அந்தக் கசற்றை வெளியிலை எடுக்கவும் வேண்டாம். அவர் விட்ட இடத்திலையே கிடக்கட்டும்."

அவ்வளவுதான். போய்விட்டாள். கீரை காத்திருந்தது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நாலு கறுப்பு வயர், எட்டு முனை, எட்டுத் துளை, ஒன்றிலும் அடையாளம் இல்லை. சத்தம் போடாமல் சத்தத்துக்கு வழி செய்யவேண்டும். பிழை என்று தெரிய வருவது அவள் விரல் பட்டனை அழுத்துகிற அந்தக் கணத்தில்தான். ஒரு வருடம் பொறுத்திருந்து அழுத்துகிறவளுக்கு அந்தப் பெட்டி ஊமையாக இருந்தால்? வயர்களைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

பனைகளுக்கு நடுவே சிக்னல் தேடி நின்று கனடாவில் இருக்கும் மருமகளுக்குப் போன் எடுத்தேன். அக்காவின் ஒரே மகள். பேறுகாலம் கிட்டியிருந்ததால் அவளுக்குத் திவசத்துக்கு வர ஏலவில்லை.

"மாமா, அப்பாவின்ரை செற்றிலை நீங்கள் கை வைச்சனீங்களோ?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டாள். தாய் சொல்லிவிட்டாள்.

"வைச்சனான்."

"முடிஞ்சுது."

"அப்பிடிச் சொல்லாதை பிள்ளை. போன முறை வந்தபோது நிறையப் படம் எடுத்தனீ. செற்றின்ரை பின்பக்கம் ஏதாவது கிடக்கோ எண்டு பார்."

பார்த்தாள். அனுப்பினாள். செற்றுக்கு முன்னால் அவள் சிரிக்கிறாள். செற்றுக்கு முன்னால் அவளுடைய புருசன் சிரிக்கிறான். செற்றுக்கு முன்னால் நானும் அத்தானும், நான் மட்டும் சிரிக்கிறேன். ஒரு வீட்டிலும் செற்றின் முதுகைப் படம் எடுத்தவர் கிடையாது போலும்.

"அப்பா இருந்திருந்தால் உங்களைத் துறையிலை வைச்சுக் கடலுக்குள்ளை தள்ளியிருப்பார்" என்றாள் மருமகள். பிறகு கேட்டாள். "அம்மா அழுதவவோ?"

"இல்லை."

"ஏசினவவோ?"

"இல்லை."

"அப்ப கவனம் மாமா" என்றாள்.

சுவர் காய்ந்ததும் செற்றைப் பழைய இடத்தில் வைத்து, பின்னால் குப்புறப் படுத்தேன். வாயில் டோச் லைற். பலகைத் தட்டின் மூலையில் ஒரு பல்லி இருந்து என்னைப் பார்த்தது. அது அந்த வீட்டில் என்னை விடக் கூடுதலாக வயர் பார்த்த பிராணி, அதனிடம் கேட்டிருக்கலாம்.

படுத்துக்கிடந்தபோதுதான் ஒன்றைக் கண்டேன். வயருக்கும் பழக்கம் உண்டு. பல வருடம் ஒரே வளைவில் கிடந்த வயர், கையை விட்டதும் அதே வளைவுக்குப் போய்ச் சேர்கிறது. நாலில் இரண்டு, மேலிருந்து வந்து இடப்பக்கம் சரிந்து தட்டின் விளிம்பைச் சுற்றி வளைந்தன. மற்ற இரண்டும் நேரே கீழே இறங்கி முழங்கையைப் போல மடிந்தன. வளைவுக்குப் பொருத்தமான துளைகளைப் பார்த்து வைத்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்தன. டெக்கிலிருந்து வருவது எந்தச் சோடி, டெக்குக்குப் போவது எந்தச் சோடி என்பது ஓரளவு தெளிந்தது. சத்தம் வரும். ஊமையாக இராது. நான் கொஞ்ச நேரம் நெற்றியை நிலத்தில் வைத்துக்கொண்டு கிடந்தேன்.

மிஞ்சியது பக்கம் மட்டும். சோடிக்குள் இரண்டு வயரும் இரட்டைப் பிள்ளைகள், ஒன்றைப்போல ஒன்று. எது அக்கா, எது அத்தான்? டெக்கிலிருந்து வருகிற சோடிக்கு டெக்கில் மேலும் கீழுமாக இரண்டு துளை, அம்பிளிபயரிலும் மேலும் கீழுமாக இரண்டு துளை. மேலை மேலோடு கொழுவுவதா, குறுக்கே கொழுவுவதா?

லைற்றைக் கிட்டக் கொண்டுபோய்த் துழாவியபோது டெக்கின் கீழ்த் துளை ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. நகக்கண் அளவு. நான் துடைக்கத் தவறிய மிச்சம்! அம்பிளிபயரில் தேடினேன். அங்கே மேல் துளை ஓரத்தில் இன்னொரு சிவப்பு. படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். அப்படியானால் இதுவும் அதுவும் அக்காவின் பக்கம். வயரைக் குறுக்கே இழுக்கவேண்டும். துளைகள் நேருக்கு நேர் இருக்க ஏன் குறுக்கே இழுத்தார் என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அத்தான் எதையும் நேராகச் செய்கிற மனிதர் என்பது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

"அக்கா, வாங்கோ! குங்குமம் கொஞ்சம் மிஞ்சிக் கிடக்கு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தட்டின் பின்னால் முழங்காலில் இருந்து, நான் காட்டிய இடத்தைப் பார்த்தாள். விரல் நுனியால் தொட்டாள். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு எழும்பினாள்.

"கொழுவு" என்றாள்.

கொழுவினேன். கரண்டைப் போட்டுப் பார்த்தேன், சத்தத்தைத் தாழ்த்தியபடி. சின்னப் பச்சை வெளிச்சம் வந்தது. அதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. நிறுத்திவிட்டு வெளியே வந்தேன்.

திவசத்தன்று விடியவே ஐயர் வந்தார். அத்தானுக்குப் பிடித்த கறிகள் எல்லாம் வாழையிலையில் இருந்தன. கத்தரிக்காய்ப் பொரியல் மட்டும் இரண்டு இடத்தில், ஏனென்றால் அவர் எப்போதும் இரண்டாம் முறை கேட்பார். படையலில் எடுத்த சோற்றைக் கொண்டுபோய் நான்தான் காகத்தைக் கூப்பிட்டேன். அந்தத் தீவுக் காகங்கள் கோயில் அன்னதானம் சாப்பிட்டு வளர்ந்தவை, கூப்பிட்டவுடன் வராது. தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் ஒன்று வந்து மதிலில் இருந்து, என்னைக் கண்டதும் திரும்பிப் பறந்தது. "தள்ளி நில்லுங்கோ, நிக்கிற ஆளைப் பாத்துப் பயப்பிடுது" என்றார் ஐயர். தள்ளி நின்றேன். பிறகு வந்து சாப்பிட்டது. அத்தானும் என்னை எப்போதும் தள்ளித்தான் நிற்கச் சொன்னார்.

வந்த சனம் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, கடைசி வள்ளத்தைப் பிடிக்கப் புறப்பட்டது. நான் நின்றுவிட்டேன். அக்கா குளித்து, விளக்கேற்றி, குசினி வாசல் நிலையில் சாய்ந்து இருந்தாள். அது அவளுடைய இடம். பக்கத்தில் குசினிப் பக்கத்துப் பெட்டி. கூடத்தின் மறுகோடியில், பழைய சுவர்த் துண்டுக்கு முன்னால், கதிரை. அதற்குப் பக்கத்தில் மற்றப் பெட்டி. யன்னல் கட்டின்மேல் அந்தத் துணி மடித்தபடியே கிடந்தது.

நான் பட்டனை அழுத்தப் போனேன். அவள் என்னைத் தடுத்து, எழும்பி வந்து, தானே அழுத்திவிட்டுத் திரும்பிப் போய் இருந்தாள்.

முதலில் ஒன்றுமில்லை. நாடா ஓடுகிற இரைச்சல் மட்டும். முருகா, ஊமையாக்கிப்போட்டேனா? நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

அத்தான் படித்தார்.

பாதியில் விட்ட பாட்டின் மீதிப் பாதி. அந்த நீண்ட இழுப்பு, நடுவில் மூக்கால் எடுக்கிற மூச்சு, கடைசி எழுத்தில் ஒரு சின்ன அதட்டல். ஒரு வருடம் அந்தச் சுவர்களில் படாத குரல், புதுச் சுண்ணாம்பில் பட்டுத் திரும்பியது. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து கூரை வளையை எண்ணப் பார்த்தேன்.

பிறகுதான் கவனித்தேன். குரல் கதிரைப் பக்கத்திலிருந்து வரவில்லை. குசினி வாசலிலிருந்து வந்தது. அக்காவின் காதடியிலிருந்து. பாட்டு முடிந்தது. இப்போது கதிரைப் பக்கத்துப் பெட்டியில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. ஆளில்லாத கதிரைக்குப் பக்கத்திலிருந்து, இளமையான ஒரு குரலில், அக்கா பயன் சொல்லத் தொடங்கினாள். நடுவில், "சோறு ஆறுது, படிச்சது காணும் வாங்கோ" என்றும் சொன்னாள்.

நான் கும்பிட்டது துருவை. உப்புக் காற்று வைத்த பொட்டு அது. அவள் விரலில் தொட்டுப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கும்; வாழ்நாள் முழுக்கக் குங்குமம் வைத்தவளுக்குத் துரு தெரியாதா? தெரிந்துகொண்டுதான் "கொழுவு" என்றிருக்கிறாள். சத்தம் வந்தால் போதும் என்று நினைத்தாளோ, என்னை இன்னும் நோகடிக்க வேண்டாம் என்று நினைத்தாளோ, நான் கேட்கவில்லை.

அத்தான் அடுத்த பாட்டை எடுத்தார். அக்கா நிலையிலிருந்து தலையைச் சரித்து, பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்திருந்தாள். கண்களை மூடியிருந்தாள். ஒரு கை தரையில் எதையோ தடவிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே அந்தக் கதிரை தெரியும். அங்கே இருக்க வேண்டிய மனிதர் இங்கே படித்துக்கொண்டிருக்கிறார். அவர் மைக்கை வைத்து, வயரை வெட்டி, சிமிழில் தொட்டுத் தொட்டு ஒழுங்காக்கி வைத்ததை நான் தலைகீழாக்கிவிட்டேன்.

பொறுக்க முடியாமல் செற்றின் பின்னால் கையை விட்டேன். "அக்கா, பக்கம் மாறிப்போச்சு. கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, உடனை மாத்திக் கொழுவிறன்."

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"வயரைத் தொடாதை; கதிரையைத் தூக்கி இஞ்சாலைப் பக்கம் வை."